கல்லுக்கு முதுகு இல்லை

பள்ளிச் சீருடை தைக்கிறவள் நான்.
கிருஷ்ணகிரி லண்டன்பேட்டையில் கடை, மூன்று மெஷின்.
ஜூன் வந்தால் ஊரின் பாதி இடுப்பளவு
என் நோட்டில் இருக்கும்.
அருங்காட்சியகத்து ஹபீபா மேடம் வந்து
"ஒரே ஒருத்தருக்கு உடுப்பு வேண்டும்,
அளவெடுக்க நீங்கள்தான் வரவேண்டும்,
அவரால் நடக்க முடியாது" என்றபோது
யாரோ படுத்த படுக்கை என்றுதான் நினைத்தேன்.

நின்றுகொண்டுதான் இருந்தார்.
மாடு மீட்கப் போய், மார்பில் மூன்று அம்போடு,
இடக்கால் முன்வைத்து,
ஆயிரத்து முந்நூறு வருஷமாய்.
உயரம் இரண்டே முக்கால் அடி.
டேப்பை வைத்தேன், கல் சில்லென்றிருந்தது.
இதில் இடுப்புச் சுற்றளவு என்று எதை எழுதுவது?
முன்பக்கத்தை மட்டும் செதுக்கிவிட்டு
மிச்ச ஆளைப் பாறைக்குள்ளேயே விட்டிருக்கிறான் சிற்பி.

பட்டர் பேப்பர் போர்த்திப் பென்சிலால் தேய்த்தோம்.
கச்சை தெரிந்தது. கச்சையில் செருகிய குறுவாள்.
தொடைகளின் நடுவில் ஏழு கோடு.
"கொசுவம்" என்றார் மேடம்.
ஆறுதான் கொசுவம்,
ஏழாவது உளி வழுக்கியது என்றேன்.
வழுக்கிய தையல் எப்படியிருக்கும் என்று
எனக்குத் தெரியாதா?

அலமாரியில் ஒரு கத்தி. முழுக்கத் துரு.
ஏதோ ஈமக்குழியில் கிடைத்ததாம், இவருக்கும் மூத்தது.
லென்ஸைக் கொடுத்தார்.
துருவின் மேல் துணி.
துணி இல்லை, துணி இருந்த இடம்.
நூல் மக்கிக்கொண்டே போக
இரும்பு அந்த நூலாகவே உறைந்துவிட்டிருக்கிறது.
சென்டிமீட்டருக்குப் பாவு பதினான்கு, ஊடை பன்னிரண்டு.
எண்ணி முடித்தபோது கண்ணில் நீர்.
லென்ஸால்தான்.

கத்திக்கும் கல்லுக்கும் நடுவே
எத்தனையோ நூறு வருஷம் கிடக்கிறது,
ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லக் கூடாது என்று
அவரே சொல்லிவிட்டு
அதே கனத்தில் துணி தேடச் சொன்னார்.
நிறத்தைப் பற்றி இரண்டுமே பேசவில்லை.
வெளுக்காத பருத்தியாக விட்டோம்.
ஒன்பது முழம். வெட்டக் கூடாது.
கத்தரிக்கோல் இல்லாமல் நிற்கும்போது
கைகள் யாருடையவோ போலிருந்தன.

ஓசூர் ஜவுளிக்கடை கழித்துப்போட்ட பொம்மைக்கு
முழங்கால் மடங்காது.
அதனால் காவலாளி திம்மராயனை நிறுத்தி
காக்கிப் பேண்ட்டுக்கு மேலேயே சுற்றினேன்.
கையில் வில்லுக்குப் பதில் ஒட்டடைக் கம்பு.
காலை முன்வைத்தார், நாணை இழுத்தார்,
துணி அவிழ்ந்து விழுந்தது.
நான்கு முறை கட்டினேன், நான்கு முறையும்.
ஐந்தாவதில் அவருக்கே பொறுக்கவில்லை.
"விடும்மா" என்று
தொங்கிய முனையைக் கால்களுக்கு இடையே வாங்கி
மாமரம் ஏறுகிறவன்போல் பின்னால் செருகிக்கொண்டார்.

முன்னால் மடிப்பு தானாக விழுந்தது.
ஆறு.

"முதுகு கிடைத்துவிட்டது மேடம்!"
அவர் சிரிக்கவில்லை.
"அது திம்மராயனின் முதுகு.
கல் இன்னும் வாய் திறக்கவில்லை."

மூன்று நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை.
நான்காம் நாள் சிவப்பு நூலோடு போனேன்.
வெட்டக் கூடாது, சரி. ஓட்டுத்தையல் போடலாமா?
இடுப்பின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக
அறுத்தெடுக்க லேசாய் வரும்படி ஒரு ஓட்டம்.
அதற்கு முன்னால் இருப்பது கல் சொன்னது.
பின்னால் இருப்பது நாங்கள் சொன்னது.
மேடம் ரொம்ப நேரம் பார்த்தார்.
பிறகு பொம்மையைச் சுவரிலிருந்து நகர்த்தி
அறை நடுவில் வைக்கச் சொன்னார்.
சுற்றிவந்து சந்தேகப்படட்டும் என்று.

முதல் வாரமே ஒரு பள்ளிக்கூடம் வந்தது.
என் தையலில் பேண்ட் போட்ட பையன் ஒருவன்
முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான்,
சிவப்பு நூலைத் தொட்டுத் திட்டு வாங்கினான்.
"சண்டைக்குப் போறப்ப சுண்ணாம்பு, சில்லறை
எல்லாம் எதுல வெச்சிருப்பாரு? பாக்கெட்டே இல்லையே?"

எல்லோரும் சிரித்தார்கள்.
நான் கல்லிடம் ஓடினேன்.
குறுவாளுக்குக் கீழே, கச்சை ஓரத்தில்,
பாறையின் குறை என்று நான் தேய்க்காமல் விட்ட
ஒரு சின்னப் புடைப்பு.

பட்டர் பேப்பர் தீர்ந்துபோயிருந்தது.
கட்டைவிரலை வைத்து
அப்படியே நின்றேன்.